கைப்பிடிக்கு இரண்டு இறகு

ஜப்பானில் இசே என்று ஓர் ஊர். அங்கே சூரிய தேவதைக்கு ஒரு கோயில். ஜப்பானியர்களுக்கு அதைவிட உசத்தியான கோயில் வேறு கிடையாது. இருபது வருஷத்துக்கு ஒருமுறை அங்கே ஒரு காரியம் செய்வார்கள். பழுது பார்ப்பது, வெள்ளையடிப்பது போன்ற சில்லறை வேலை அல்ல. பழைய கோயில் அப்படியே நிற்க, பக்கத்து மனையில் அச்சு அசலாக அதேபோல் புதுக்கோயில் கட்டிவிடுவார்கள். உள்ளே இருக்கிற சாமான்களும் புதிது. துணிமணி, பெட்டி, வில், அம்பு, வாள், எல்லாமே. ஆயிரத்து முந்நூறு வருஷமாக, நடுவே யுத்தங்களால் தடைபட்ட காலம் போக, இது நடந்துகொண்டிருக்கிறது.

அந்த வாள்களில் ஒன்றின் கைப்பிடிக்கு ஒரு விசேஷ அலங்காரம் உண்டு. இரண்டு பறவை இறகுகளை வைத்து, சிவப்புப் பட்டு நூலால் கட்ட வேண்டும். எந்தப் பறவையின் இறகு என்பதிலும் சமரசம் கிடையாது. டோக்கி என்கிற பறவையின் இறகுதான் வேண்டும்.

இரண்டே இரண்டு இறகு. இதிலென்ன கஷ்டம் என்று தோன்றும். ஒரு கட்டத்தில் ஜப்பான் முழுக்கச் சல்லடை போட்டுத் தேடினாலும் வெளியில் பறக்கிற டோக்கி ஒன்றுகூட இல்லை என்கிற நிலைமை வந்தது. உலகத்தின் பணக்கார தேசங்களில் ஒன்று. புல்லட் ரயில் விட்ட தேசம். தன் பெயரைச் சுமந்த ஒரு பறவையைக் காப்பாற்ற முடியாமல் கையைப் பிசைந்துகொண்டு நின்றது.

தன் பெயரைச் சுமந்த என்று சும்மா சொல்லவில்லை. சீபோல்ட் என்கிற ஜெர்மானிய டாக்டர் ஜப்பானிலிருந்து அனுப்பிய மாதிரிகளை வைத்து, 1835ல் டெமிங்க் என்கிற டச்சு விஞ்ஞானி இந்தப் பறவையை உலகத்துக்கு அறிமுகப்படுத்தினார். பிற்பாடு நிலைத்த விஞ்ஞானப் பெயர் ‘நிப்போனியா நிப்பான்’. நிப்பான் என்றால் ஜப்பான். ஒருமுறை சொன்னால் போதாதென்று இரண்டு முறை சொல்லியிருக்கிறார்கள்!

பறவை எப்படி இருக்கும்? நம் ஏரிகளில் அரிவாள் மூக்கன் என்று ஒன்று பார்த்திருப்பீர்கள். நீளமாக, கீழ்நோக்கி வளைந்த மூக்கு. சேற்றில் குத்திக் குத்தி இரை தேடும். டோக்கியும் அந்தக் குடும்பம்தான். சிவந்த முகம், சிவந்த கால், தலைக்குப் பின்னால் சரிந்து விழும் கொண்டை. தரையில் நிற்கும்போது வெறும் வெள்ளைப் பறவைதான். சிறகை விரித்து எழும்பும்போதுதான் சமாசாரமே. சிறகின் உள்பக்கம் பீச் மரத்துப் பூவின் இளஞ்சிவப்பு. வெயிலில் பறந்தால் வானத்தில் யாரோ சாயம் தோய்த்த மாதிரி இருக்கும். ஜப்பானியர்கள் அந்த நிறத்துக்கே ‘டோக்கி நிறம்’ என்று பெயர் வைத்துவிட்டார்கள். கி.பி. 720ல் எழுதி முடிக்கப்பட்ட அவர்களுடைய பழைய சரித்திர நூலில் இந்தப் பறவையைக் குறிக்க ‘பீச் பூப் பறவை’ என்று பொருள்படும் எழுத்துகளைத்தான் உபயோகித்திருக்கிறார்கள்.

இன்னொரு விசித்திரமும் உண்டு. குளிர்காலம் முடிந்து ஜோடி சேரும் பருவம் நெருங்கும்போது, கழுத்துத் தோலிலிருந்து கறுப்பாக ஒரு பொருள் சுரக்கும். டோக்கி குளித்துவிட்டு, அதைத் தன் தலையிலும் முதுகிலும் தேய்த்துக்கொள்ளும். வெள்ளைப் பறவை சாம்பல் நிறப் பறவை ஆகிவிடும். கல்யாணத்துக்குத் தனக்குத்தானே டை அடித்துக்கொள்கிற பறவை. வெள்ளை டோக்கி வேறு ரகம், சாம்பல் டோக்கி வேறு ரகம் என்று விஞ்ஞானிகளே கொஞ்ச காலம் ஏமாந்திருக்கிறார்கள்.

இத்தனை அழகான பறவையை ஜப்பானிய விவசாயிகள் கையெடுத்துக் கும்பிட்டார்களா? அதுதான் இல்லை. அவர்களுக்கு அது ஒரு தொந்தரவு.

டோக்கியின் சாப்பாட்டுக் கடை நெல் வயல்தான். அயிரை மாதிரியான சின்ன மீன், தவளை, நண்டு, மண்புழு, வெட்டுக்கிளி. அதைத் தேடி நாற்று நட்ட வயலில் இறங்கி நடக்கும். கால்பட்டு நாற்று சாயும். குனிந்து குனிந்து நட்டவனுக்கு வயிறு எரியுமா, எரியாதா? வயலில் பறவை விரட்டுவதற்காகக் கிராமங்களில் பாடிய பாட்டுகளில், விரட்ட வேண்டிய எதிரிகள் பட்டியலில் டோக்கியின் பெயரும் உண்டு.

ஆனாலும் பறவைக்கு ஆபத்து வரவில்லை. காரணம், ஷோகன்கள் ஆண்ட காலத்தில் கண்டவனும் துப்பாக்கி தூக்க முடியாது. வேட்டைக்கு ஏகப்பட்ட கட்டுப்பாடு. விவசாயி அதிகபட்சம் கையைத் தட்டலாம், பாட்டுப் பாடலாம். பறவை பத்தடி தள்ளிப் போய் உட்கார்ந்துகொள்ளும். நூற்றாண்டுகள் இப்படியே போயின. திட்டினாலும் ஒரே வீட்டில் குடியிருக்கிற சொந்தக்காரர்கள் மாதிரி.

1868ல் ஷோகன் ஆட்சி போய், மெய்ஜி சக்ரவர்த்தியின் ஆட்சி வந்தது. தேசம் நவீனமானது. ரயில் வந்தது, தந்தி வந்தது, துப்பாக்கியும் வந்தது. பழைய கட்டுப்பாடுகள் காற்றில் போயின. டோக்கியின் இறகுக்கு நல்ல விலை. தூசி தட்டும் துடைப்பம் செய்யலாம், மெத்தைக்குப் போடலாம், கப்பலேற்றலாம். கறியும் வீணாகாது. பிள்ளை பெற்ற பெண்களின் உடம்பு தேறும் என்று நம்பிக்கை. சமைத்தால் குழம்பு சிவந்துவிடுமாம். பார்க்கச் சகிக்காது என்று விளக்கில்லாத இருட்டில் சாப்பிட்டதாகச் சொல்வார்கள். இருட்டில் சாப்பிட்டாலும் கணக்கு குறையத்தானே செய்யும்? நாற்பதே வருஷத்தில் நாடு முழுக்கத் துடைத்தாகிவிட்டது. 1908ல் அரசாங்கம் விழித்துக்கொண்டு, சுடக்கூடாத பறவைகளின் பட்டியலில் டோக்கியைச் சேர்த்தது. சுடுவதற்கு அப்போது பறவை இருந்தால்தானே? 1920களில், அவ்வளவுதான், டோக்கி பூண்டோடு போய்விட்டது என்றே முடிவு கட்டிவிட்டார்கள்.

போகவில்லை. ஒரு தீவில் ஒளிந்திருந்தது.

அந்தத் தீவின் பெயர் சாடோ. ஜப்பான் கடலில், நீகாட்டா துறைமுகத்துக்கு எதிரே இருக்கிறது. சுமார் 855 சதுர கிலோமீட்டர். ஜப்பானிய சரித்திரத்தில் அதற்கு இரண்டு பெருமைகள். ஒன்று, அது அந்தமான் மாதிரி. ராஜாவுக்குப் பிடிக்காதவர்களை அங்கேதான் நாடு கடத்துவார்கள். பதவியிழந்த ஜுன்டோக்கு சக்ரவர்த்தி, நிச்சிரென் என்கிற புத்த மதத் துறவி, நோ நாடகக் கலையின் பிதாமகர் ஸேயாமி, எல்லாரும் அங்கே காலம் தள்ளியவர்கள். இரண்டாவது, தங்கம். 1601லிருந்து 1989 வரைக்கும் அங்கே சுரங்கம் இருந்தது. ஷோகன்களின் கஜானாவை நிரப்பிய தங்கம்.

தங்கத்துக்கும் பறவைக்கும் என்ன சம்பந்தம்? இருக்கிறது. சுரங்கத்துக்கு ஆள் வந்து குவிந்தார்கள். அத்தனை பேருக்கும் சோறு வேண்டும். சமவெளி போதாமல், மலையை வெட்டிப் படிப்படியாக வயல் கட்டினார்கள். தண்ணீருக்கு ஊற்றுகளையும் குட்டைகளையும் நம்பியிருந்த குட்டிக் குட்டி வயல்கள். மேலே காடு, கீழே ஈரம். டோக்கி கூடு கட்ட மரமும் இருக்கிறது, சாப்பிடச் சேறும் இருக்கிறது. ராத்திரி காட்டில் தூங்கி, காலையில் வயலுக்கு இறங்கும். மனிதன் தங்கத்துக்கு ஆசைப்பட்டு உண்டாக்கிய வயல், பறவைக்குக் கடைசிப் புகலிடம் ஆனது.

1930களின் ஆரம்பத்தில் சாடோவில் டோக்கி இருப்பது உறுதியானதும் பரபரப்பு. 1934ல் ‘இயற்கை நினைவுச் சின்னம்’ என்று அறிவித்தார்கள். பின்னாலேயே உலக யுத்தம். விறகுக்கும் கரிக்கும் மரம் வெட்டினார்கள். யுத்தம் முடிந்தும் வெட்டினார்கள். 1952ல் அந்தஸ்தை உயர்த்தி ‘விசேஷ இயற்கை நினைவுச் சின்னம்’ ஆக்கினார்கள். அப்போது சாடோவில் இருந்தவை இரண்டு டஜன் அளவுக்குத்தான். பட்டம் கொடுக்கக் கொடுக்கப் பறவை குறைந்துகொண்டே வந்தது!

காரணம் துப்பாக்கி அல்ல. இப்போது வந்தவன் வேறு. பூச்சிமருந்து.

யுத்தத்தில் தோற்ற தேசத்துக்குப் பசி. நெல் விளைச்சலைக் கூட்டியே தீர வேண்டும். பயிர் நோய்க்குப் பாதரசம் கலந்த மருந்து, பூச்சிக்கு வேறு விஷம், களைக்கு வேறு. அயிரை செத்தது, தவளை செத்தது. வயலை இயந்திரம் ஓட்டச் சமன்படுத்தி, சிமென்ட் கால்வாய் வெட்டினார்கள். அறுவடை முடிந்ததும் தண்ணீரை வடித்துக் காயப் போட்டார்கள். பனிக்காலம் முழுக்க டோக்கிக்கு வாய் வைக்க ஈரம் இல்லை. விவசாயியைக் குறை சொல்லாதீர்கள். அவனுக்கு முதுகு வளைந்த வேலை பாதியாகக் குறைந்தது, விளைச்சல் கூடியது. வேண்டாம் என்று யார்தான் சொல்வார்கள்?

இனிமேல் வருவதுதான் கதையின் கனமான பகுதி.

1967ல் சாடோவின் மலைப்பகுதியில் அரசாங்கம் டோக்கிப் பாதுகாப்பு மையம் திறந்தது. காட்டில் விட்டால் செத்துவிடும், பிடித்து வந்து வளர்த்துப் பெருக்கலாம் என்பது திட்டம். அதே காலத்தில் தீவின் மானோ என்கிற பகுதியில், ஓர் இளம் டோக்கி கூட்டத்தை விட்டுப் பிரிந்து வயல்களில் தனியாகத் திரிந்துகொண்டிருந்தது. அதைக் கண்காணிக்க உள்ளூரில் ஓர் ஆளை ஏற்பாடு செய்தார்கள். அவர் பெயர் உஜி கின்டாரோ.

கின்டாரோ தினம் தினம் அயிரை மீன் கொண்டு போனார். முதலில் தூரத்தில் வைத்துவிட்டு நகர்ந்துவிடுவார். பிறகு கொஞ்சம் பக்கத்தில். பிறகு இன்னும் கொஞ்சம். மனிதனைக் கண்டால் பறந்துவிடுகிற ஜாதி அது. நாளாக ஆக, இந்த ஒரு மனிதரிடம் மட்டும் பயம் போய்விட்டது. அவர் கையிலிருந்தே வாங்கிச் சாப்பிடுகிற அளவுக்கு நெருங்கிவிட்டது.

மேலிடத்திலிருந்து உத்தரவு வந்தது. பிடித்துக் கொடுங்கள்.

1968 மார்ச் 15. வழக்கம்போல மீன் வைத்தார். வழக்கம்போலப் பறவை வந்தது. கின்டாரோ வலை எதுவும் இல்லாமல், வெறும் கையாலேயே அதைப் பிடித்தார். அதற்கு வலை எதற்கு? நம்பிக்கைதான் வலை.

பறவை கூண்டுக்குப் போனது. பிடித்தவரின் பெயரிலிருந்தே முதல் எழுத்தை எடுத்து அதற்குப் பெயர் வைத்தார்கள்: கின். ஜப்பானிய மொழியில் கின் என்றால் தங்கம். தங்கச் சுரங்கத் தீவின் பறவைக்குத் தங்கம் என்று பெயர் அமைந்தது தற்செயல். அவள் நல்லதுக்குத்தான் பிடித்தோம் என்று எல்லாரும் கின்டாரோவுக்குச் சமாதானம் சொன்னார்கள். அவருக்கு மட்டும் அது ஆறவில்லை. தன்னை நம்பி வந்த பறவைக்குத் துரோகம் செய்துவிட்டோம் என்கிற எண்ணம் அவரை விட்டுப் போகவேயில்லை. 1984ல் அவர் காலமானார்.

கின் அதற்குப் பிறகும் கூண்டில் இருந்தாள்.

1970ல் பெருந்தீவில், நோட்டோ தீபகற்பத்தில் மிஞ்சியிருந்த ஒரே ஒரு ஆண் டோக்கியைப் பிடித்து சாடோவுக்குக் கொண்டுவந்தார்கள். மாப்பிள்ளை வந்தாயிற்று என்று சந்தோஷப்பட்டார்கள். அடுத்த வருஷமே அது இறந்துவிட்டது. இனி உலகத்தில் ஜப்பானிய டோக்கி என்றால் சாடோவில் பறப்பவைதான். அவற்றின் எண்ணிக்கையும் வருஷா வருஷம் இறங்கிக்கொண்டே வந்து, 1980 முடிவில் ஐந்தில் நின்றது.

ஐந்தையும் பிடித்துவிடலாமா, வேண்டாமா?

பெரிய விவாதம். வெளியில் விட்டால் ஒன்றொன்றாகப் போய்விடும், கூண்டில் வைத்தால் ஒரு வாய்ப்பாவது உண்டு என்றது ஒரு தரப்பு. கூண்டில் இதுவரை ஒரு குஞ்சுகூடப் பொரித்ததில்லையே, வானத்தில் பறப்பதையும் இழக்க வேண்டுமா என்றது மறு தரப்பு. இரண்டிலும் நியாயம் இருந்தது. இரண்டிலும் பயம் இருந்தது. கடைசியில் சுற்றுச்சூழல் துறை முடிவெடுத்தது. 1981 ஜனவரி. பனி மூடிய வயலில் இரை போட்டு, வெடியில் பாயும் வலையைப் பொருத்திக் காத்திருந்தார்கள். சில நாட்களுக்குள் ஐந்தும் சிக்கின. ஜப்பானிய வானத்தில் டோக்கி இல்லை. பிடித்தவை இறந்துவிடக் கூடாதே என்கிற அக்கறையில்தான் அந்த வெற்றிடம் உண்டானது.

காலில் மாட்டிய வளையத்தின் நிறத்தையே பெயராக வைத்தார்கள். மஞ்சள், சிவப்பு, நீலம், வெள்ளை, பச்சை. அந்த வருஷமே மஞ்சளும் சிவப்பும் இறந்தன. 1983ல் வெள்ளை, 1986ல் நீலம். மிஞ்சியது பச்சை, அதாவது மிடோரி என்கிற ஆண். அப்புறம் நம் கின். ஒரு கிழவன், ஒரு கிழவி. குஞ்சு என்று ஒன்றுகூட இல்லை.

இங்கே கதை கடல் தாண்டுகிறது.

டோக்கி ஒரு காலத்தில் சீனா, கொரியா, ரஷ்யாவின் கிழக்கு ஓரம் என்று பரவலாக இருந்த பறவைதான். அங்கெல்லாமும் இதே கதி. சீனாவில் 1964க்குப் பிறகு யாரும் பார்த்ததாகத் தகவல் இல்லை. 1978ல் லியு யின்செங் என்கிற விலங்கியல் ஆராய்ச்சியாளரைத் தேடச் சொல்லி அனுப்பினார்கள். மனிதர் மூன்று வருஷம் அலைந்தார். மாகாணம் மாகாணமாக, ஐம்பதாயிரம் கிலோமீட்டர். கிராமத்தாரைக் கூட்டிவைத்து டோக்கியின் படத்தைப் போட்டுக் காட்டி, ‘இதைப் பார்த்ததுண்டா?’ என்று கேட்பார். ம்ஹூம்.

1981 மே. ஷான்சி மாகாணத்தில், சின்லிங் மலைத்தொடரில், யாங்ஷியன் என்கிற ஒதுக்குப்புறமான பகுதியில் அவருடைய தேடல் முடிந்தது. இரண்டு ஜோடி, மூன்று குஞ்சு. மொத்தம் ஏழு. சாடோவின் கடைசிப் பறவைகளைக் கூண்டில் அடைத்து வெறும் நான்கு மாதம் ஆகியிருந்தது!

இந்த இடத்தில்தான் இரண்டு தேசங்களும் எதிரெதிர் திசையில் போனதைக் கவனிக்க வேண்டும். ஜப்பான் பறவையைப் பிடித்து உள்ளே வைத்தது. சீனா அந்த ஏழையும் அங்கேயே விட்டுவிட்டு, சுற்றியிருந்த ஊரைப் பிடித்துக்கொண்டது. டோக்கி மேயும் வயலில் பூச்சிமருந்து கூடாது, ரசாயன உரம் கூடாது. கூடு கட்டும் மரத்தை வெட்டக்கூடாது. துப்பாக்கி கூடாது. பனிக்காலத்திலும் வயலில் தண்ணீர் நிற்க வேண்டும். கூடு இருந்த மரத்தடியில் ஆட்களைக் குடிவைத்துக் காவல் காத்தார்கள், பாம்பு ஏறிவிடாமல். அந்த மலைக்கிராமத்து ஜனங்கள் ஏற்கெனவே ஏழைகள். விளைச்சல் குறைந்தது அவர்களுக்குத்தான் நஷ்டம். அந்த நஷ்டத்தின் மேல்தான் பறவை பெருகியது என்பதை மறக்கக் கூடாது. பின்னர் சீனாவும் கூண்டில் வளர்த்தது, வெற்றியும் பெற்றது. ஆனால் வெளியே பறக்கிற பறவையும், அது மேய வயலும் அவர்களிடம் கையிருப்பில் இருந்தன.

ஜப்பானிடம் இருந்தது கிழவனும் கிழவியும்தான். சம்பந்தம் பேச ஆரம்பித்தார்கள். 1985ல் சீனாவிலிருந்து ஹுவாஹுவா என்கிற ஆண் பறவையைக் கடனாக வாங்கி கின்னோடு சேர்த்தார்கள். ஒத்துவரவில்லை. 1990ல் மிடோரியை பீஜிங்குக்கு அனுப்பினார்கள். இரண்டு வருஷம் ‘வீட்டோடு மாப்பிள்ளை’யாக இருந்துவிட்டு வெறுங்கையோடு திரும்பியது. 1994ல் சீனாவிலிருந்து ஒரு ஜோடியையே வரவழைத்தார்கள். சில மாதத்தில் அதில் ஆண் இறந்துவிட்டது. தனித்துவிடப்பட்ட பெண்ணை மிடோரியோடு சேர்த்துப் பார்த்தார்கள். முட்டையும் இட்டது. அந்த நேரம் பார்த்து, 1995 ஏப்ரல் கடைசியில், மிடோரி திடீரென்று இறந்துபோனது. முட்டை ஒன்றும் பொரியவில்லை. கதை எழுதுகிறவன் இப்படி எழுதினால் ஆசிரியர் திருப்பி அனுப்பிவிடுவார்.

1998ல் சீன அதிபர் ஜியாங் ஜெமின் ஜப்பானுக்கு வந்தார். அன்பளிப்பாக ஒரு ஜோடி டோக்கி தருகிறோம் என்றார். 1999 ஜனவரி 30ம் தேதி யோயோ என்கிற ஆணும் யாங்யாங் என்கிற பெண்ணும் சாடோவில் வந்து இறங்கின. மே 21ம் தேதி முட்டை ஒன்று விரிசல் விட்டது. ஜப்பானில் கூண்டில் பிறந்த முதல் குஞ்சு. யூயூ என்று பெயர். டி.வி., பத்திரிகை எல்லாம் கொண்டாடித் தீர்த்தன. அடுத்த வருஷம் யூயூவுக்கும் சீனாவிலிருந்தே பெண் வந்தது. அதற்கப்புறம் குஞ்சுகளுக்குப் பஞ்சமில்லை.

இந்தக் கொண்டாட்டம் நடக்கும்போது, அதே மையத்தில் இன்னொரு கூண்டில் கின் இருந்தாள். கண் பார்வை மங்கிவிட்டது. பெரும்பாலும் அசையாமல் இருப்பாள். 2003 அக்டோபர் 10ம் தேதி காலை, என்ன தோன்றியதோ, அந்தக் கிழட்டு உடம்பு திடீரென்று மேலே எழும்பிப் பறந்தது. கூண்டின் கதவில் தலை மோதியது. அவ்வளவுதான். வயது முப்பத்தாறு இருக்கும் என்று கணக்கிட்டார்கள். அதில் முப்பத்தைந்து வருஷத்துக்கு மேல் கூண்டில். ஜப்பானில் பிறந்து, ஜப்பானிய வானத்தில் பறந்த டோக்கி வம்சம் அன்றோடு முடிந்தது. இனி இருப்பவை எல்லாம் அந்த ஏழு சீனப் பறவைகளின் வாரிசுகள். இரண்டும் ஒரே இனம்தான் என்பது ஓர் ஆறுதல்.

கூண்டில் பெருகிய பறவையை வெளியே விட வேண்டாமா? எங்கே விடுவது? மருந்தடித்த வயலிலா? அப்போதுதான் பழைய விரோதியான விவசாயி மறுபடி கதைக்குள் வருகிறான், இம்முறை கதாநாயகனாக.

அவனுக்கும் சொந்தக் கவலைகள் இருந்தன. 2004ல் பெரும் புயல் அடித்து சாடோவின் நெல் நாசமானது. வாங்கிக்கொண்டிருந்தவர்கள் வேறு ஊர் அரிசிக்குப் போய்விட்டார்கள். அடுத்து விளைந்த அரிசி விற்காமல் தேங்கியது. என்ன செய்வது என்று யோசித்தபோது, டோக்கியையே மூட்டையில் ஒட்டினால் என்ன என்று தோன்றியது. 2008ல் சாடோ நகராட்சி ஒரு முத்திரைத் திட்டம் கொண்டுவந்தது. மருந்தையும் ரசாயன உரத்தையும் வழக்கத்தில் பாதியாகக் குறைக்க வேண்டும். பனிக்காலத்தில் வயலில் தண்ணீர் நிறுத்துவது, வயலோரம் ஆழமான வாய்க்கால் வெட்டி மீனுக்குப் புகலிடம் தருவது, கால்வாயிலிருந்து மீன் வயலேறப் படி வைப்பது, இவற்றில் ஏதாவது செய்ய வேண்டும். வருஷத்துக்கு இரண்டு தடவை வயலில் இறங்கி என்னென்ன உயிர் இருக்கிறது என்று எண்ணவும் வேண்டும். அப்படி விளைந்த அரிசிக்கு ‘டோக்கியோடு வாழும் ஊர்’ முத்திரை. கூடுதல் விலை.

நாற்றை மிதிக்கிற பறவையை நாங்களே கூப்பிடுவதா என்று கிழவர்கள் முணுமுணுக்காமல் இல்லை. ஆனால், தவளை எண்ணப் போன விவசாயிகள் பலருக்கு, தாங்கள் சின்ன வயதில் பார்த்த பூச்சியும் மீனும் திரும்பி வருவதைப் பார்த்து ஒரு பிடிப்பு உண்டாகிவிட்டது.

2008 செப்டம்பர் 25. இளவரசர் அகிஷினோ தம்பதி வந்திருக்க, பெட்டிகளின் கதவு திறந்தது. பத்து டோக்கிகள் பறந்தன. இருபத்தேழு வருஷத்துக்கு அப்புறம் சாடோ வானத்தில் அந்த இளஞ்சிவப்பு.

சுபம் போட்டுவிடலாமா? அவசரப்படாதீர்கள். 2010 மார்ச்சில், அடுத்து விடுவதற்காகப் பழக்கிக்கொண்டிருந்த பெரிய கூண்டுக்குள் மார்ட்டென் ஒன்று புகுந்தது. கீரி ஜாடையில் இருக்கும், மரமேறும். அங்கிருந்த பதினொரு டோக்கிகளில் ஒன்பதைக் கொன்றுவிட்டது. கொடுமை என்னவென்றால், மார்ட்டென் சாடோவின் பிராணியே அல்ல. மரக்கன்றுகளைக் கடிக்கும் முயல்களை ஒழிக்க, 1959லிருந்து மனிதர்களே கொண்டுவந்து விட்ட பிராணி! ஒரு தப்பைச் சரிசெய்யப் போனால், ஐம்பது வருஷத்துக்கு முந்தைய இன்னொரு தப்பு கூண்டுக்குள் வந்து உட்கார்ந்திருக்கிறது.

2012 ஏப்ரலில்தான் நல்ல சேதி. வெளியில் கட்டிய கூட்டில் குஞ்சு பொரித்தது. ஜப்பானில் இது நடந்து முப்பத்தாறு வருஷம் ஆகியிருந்தது. அதற்கப்புறம் எண்ணிக்கை ஏறியது. 2019 ஜனவரியில் ‘காட்டில் அற்றுப்போனது’ என்கிற பட்டியலிலிருந்து டோக்கியை ஜப்பானிய அரசு இறக்கியது. சாடோவில் இப்போது வெளியில் வாழ்பவை ஐநூறைத் தாண்டியாயிற்று. சீனாவில் பல ஆயிரம். தென்கொரியாவும் 2019ல் உப்போ சதுப்பு நிலத்தில் பறக்கவிட்டது. 2022ல், அடுத்து டோக்கி திரும்ப வேண்டிய இடங்களாக நோட்டோவையும் இசுமோவையும் ஜப்பான் தேர்ந்தெடுத்தது. ஆனாலும் உலகப் பட்டியலில் அது அழியும் ஆபத்தில் உள்ள பறவையாகத்தான் இருக்கிறது. ஏழு பறவையிலிருந்து வந்த குடும்பம். சொந்தத்துக்குள்ளேயே கல்யாணம். ஒரு நோய் வந்தால் எல்லாவற்றையும் ஒரே மாதிரி தாக்கலாம்.

அப்படியானால் 1981ல் பிடித்தது சரியா, தப்பா? அந்த ஐந்தையும் வெளியில் விட்டிருந்தாலும் அவை பிழைத்திருக்காது என்றுதான் தோன்றுகிறது. வயல் அப்படி இருந்தது. கூண்டில் வைத்தும் பிழைக்கவில்லை. தப்பு பிடித்த நாளில் இல்லை. அதற்கு முந்தைய முப்பது வருஷத்தில் இருக்கிறது. பறவைக்குப் பட்டம், பாதுகாப்பு மையம், மாப்பிள்ளை எல்லாம் தேடியவர்கள், அது கால் வைக்கிற சேற்றைப் பற்றி யோசிக்கவில்லை. யோசித்தபோது, ஒரு வம்சம் முடிந்திருந்தது.

இசேயில் அடுத்த புதுக்கோயில் 2033ல். வாளின் கைப்பிடிக்கு மறுபடி இரண்டு இறகு வேண்டும். அதற்கு இனி கவலை இல்லை. கவலை வேறு இடத்தில் இருக்கிறது. சாடோவில் வயலில் இறங்குகிறவர்களுக்கு வயதாகிக்கொண்டிருக்கிறது. பிள்ளைகள் படித்துவிட்டு டோக்கியோவுக்குப் போய்விடுகிறார்கள். மலைமேல் இருக்கிற படிவயல்கள் ஒவ்வொன்றாகப் புதர் மண்டுகின்றன. யாரும் உழாத வயலில் தண்ணீர் நிற்காது. தண்ணீர் நிற்காத வயலில் அயிரை இருக்காது. அந்த வயலுக்கு டோக்கி வராது. அதை விரட்டிப் பாட்டுப் பாடுகிற ஆள் இருக்கிற வரைக்கும்தான் அந்தப் பறவையும் இருக்கும்.